முதலில் அறுபது ஓம்

பாக்கிங் மெஷின் ஒன்று. கன்ட்ரோலர், டிஸ்ப்ளே, நான்கு மோட்டார் டிரைவ் என ஆறு பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஒரே கேன் பஸ்ஸில் இணைந்திருந்தன. மெஷின் சும்மா நிற்கும்போது எல்லாம் ஒழுங்கு. ஓட ஆரம்பித்துப் பத்து நிமிடம் ஆனால் ‘தொடர்பு இல்லை’ என்று திரை சிவக்கும், மெஷின் நின்றுவிடும். நான் போய் இறங்கியதுமே ஆபரேட்டர் சொன்னார்: “சார், புது டிஸ்ப்ளே மாட்டுனதுல இருந்துதான் இப்படிப் பண்ணுது.”

தலையாட்டிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். இரண்டு நாள் புரோகிராமைத் தோண்டினேன். காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினேன், போகாத செய்தியை மறுபடி அனுப்பும்படி எழுதினேன், டிரைவ் ஒன்றை மாற்றச் சொல்லிச் செலவும் வைத்தேன். மூன்றாம் நாள்தான் மல்ட்டிமீட்டரை எடுத்து கேன் பஸ்ஸின் இரண்டு ஒயருக்கும் நடுவே வைத்தேன். 60 ஓம் காட்ட வேண்டிய இடத்தில் 40 காட்டியது. புது டிஸ்ப்ளேக்குள் ஒரு 120 ஓம் ரெசிஸ்டர் ஏற்கெனவே சேர்க்கப்பட்ட நிலையில் வந்திருந்தது. பின்பக்கம் இருந்த குட்டி சுவிட்சைத் தள்ளி அதை விலக்கியதும் மெஷின் ஓடியது.

அதற்குப் பிறகு நான் வரிசையை மாற்றுவதில்லை. முதலில் ஒயர், பிறகு வோல்டேஜ், பிறகு வேகம், பிறகு ஒப்புதல், கடைசியில்தான் செய்தி. காராக இருந்தாலும் லாரியாக இருந்தாலும் தொழிற்சாலை மெஷினாக இருந்தாலும் இதே வரிசைதான். பெரும்பாலான கோளாறுகள் முதல் இரண்டு படியிலேயே பிடிபட்டுவிடும்.

பெல் கயிறு

அளக்கும் முன் இந்த ஒயருக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் மீட்டர் காட்டும் எண்ணுக்கு அர்த்தம் கிடைக்கும்.

காருக்குள் எலக்ட்ரானிக் பெட்டிகள் பெருகப் பெருக ஒயர்க் கட்டும் தடித்துக்கொண்டே போன காலத்தில், ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1983இல் கேன் பஸ்ஸை உருவாக்கும் வேலையைத் தொடங்கியது. 1986 பிப்ரவரியில் டெட்ராய்ட்டில் நடந்த எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் மாநாட்டில் அறிமுகம் செய்தது. 1993இல் ஐஎஸ்ஓ 11898 என்ற தரமாக அது வெளிவந்தது. காருக்காகப் பிறந்தது இன்று டிராக்டர், லிஃப்ட், மருத்துவக் கருவி, பேட்டரி பேக் என்று எங்கும் இருக்கிறது.

பழைய டவுன் பஸ்ஸில் கூரையை ஒட்டி ஒரு கயிறு ஓடும். எங்கே நின்று இழுத்தாலும் டிரைவர் பக்கத்தில் மணி அடிக்கும். ஒருவர் இழுத்தாலும் அதே மணிதான், மூன்று பேர் சேர்ந்து இழுத்தாலும் அதே மணிதான். யாரும் இழுக்காவிட்டால் அமைதி. கேன் பஸ்ஸும் அப்படித்தான். கேன் ஹை, கேன் லோ என்று இரண்டு ஒயர்கள். யாரும் பேசாதபோது இரண்டும் ஏறக்குறைய 2.5 வோல்ட்டில் ஒன்றாக நிற்கும், அது ‘1’. ஒரு பெட்டி கயிற்றை இழுத்தால் ஹை 3.5 வோல்ட்டுக்கு ஏறும், லோ 1.5 வோல்ட்டுக்கு இறங்கும், அது ‘0’. கேட்பவர்கள் பார்ப்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே. பக்கத்தில் மோட்டார் ஓடி இரைச்சல் புகுந்தாலும், முறுக்கிய இரண்டு ஒயரிலும் ஒரே அளவில் புகுவதால் வித்தியாசம் பெரிதாக மாறாது.

இரண்டு பெட்டிகள் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினால்? ஒவ்வொரு செய்தியும் தன் அடையாள எண்ணோடு தொடங்கும். அந்த எண்ணில் ‘1’ சொல்லி அமைதியாக இருக்க நினைத்த பெட்டிக்கு மணிச் சத்தம் கேட்டால், வேறொருவர் இழுக்கிறார் என்று புரிந்துகொண்டு ஒதுங்கிவிடும். சிறிய எண் ஜெயிக்கும், அதன் செய்தி ஒரு பிட் கூடக் கெடாமல் போய்ச் சேரும். தோற்றது அடுத்த இடைவெளியில் மறுபடி முயலும். பிரேக் செய்திக்குச் சிறிய எண்ணும் ஏசி செய்திக்குப் பெரிய எண்ணும் கொடுப்பது இதனால்தான்.

கயிற்றை விட்டதும் அது பழைய இடத்துக்குத் திரும்ப ஒரு ஸ்பிரிங் வேண்டுமல்லவா? அந்த ஸ்பிரிங்தான் இரு முனையிலும் உள்ள 120 ஓம் ரெசிஸ்டர்கள். ‘1’ என்ற நிலைக்கு ஒயரை எந்தப் பெட்டியும் இழுத்துக்கொண்டு போவதில்லை. ரெசிஸ்டர்கள்தான் இரண்டையும் சேர்த்துவைக்கின்றன. அத்தோடு, ஒயரின் முனையில் மோதிய சிக்னல் குளத்து அலை கரையில் பட்டுத் திரும்புவதுபோலத் திரும்பி வராமல் உறிஞ்சிக்கொள்வதும் அவைதான். ரெசிஸ்டர் இல்லாவிட்டால் கயிறு தொங்கும். மூன்று இருந்தால் ஸ்பிரிங் விறைத்துப்போய், இழுக்கிற பெட்டி திணறும். வித்தியாசம் குறையும், மோட்டார் டிரைவின் இரைச்சலுக்குத் தாங்காது. என் பாக்கிங் மெஷின் ஓடும்போது மட்டும் விழுந்த கதை இதுதான்.

சாவியை அணைத்துவிட்டு ஓம் பாருங்கள்

இந்த அளவைக் கரன்ட் இல்லாமல்தான் எடுக்க வேண்டும். மெஷினில் மெயின் சுவிட்சை அணையுங்கள். வண்டியில் சாவியை எடுத்தபிறகும் சில பெட்டிகள் கொஞ்ச நேரம் விழித்திருக்கும், ஆகவே பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் பொறுங்கள். ஏர்பேக்குக்குப் போகும் மஞ்சள் கப்ளர் பக்கம் மீட்டரை மறந்தும் கொண்டுபோக வேண்டாம்.

காரில் 16 பின் ஓபிடி சாக்கெட்டில் 6ஆம் பின் ஹை, 14ஆம் பின் லோ. கனரக வண்டிகளின் வட்டமான 9 பின் சாக்கெட்டில் சி ஹை, டி லோ. தொழிற்சாலைப் பெட்டிகளில் 9 பின் டி வடிவக் கப்ளர் இருந்தால் பெரும்பாலும் 7 ஹை, 2 லோ. மீட்டரை ஓமில் வைத்து இரண்டுக்கும் நடுவே அளந்து பாருங்கள்.

இரு முனையின் 120 ஓம்களும் இணையாக நிற்பதால் 60 வர வேண்டும். 60 ஓம், அல்லது அதற்கு ஓரிரண்டு குறைவு என்றால் அடுத்த படிக்குப் போகலாம். 40 என்றால் மூன்றாவது ரெசிஸ்டர் ஒன்று எங்கோ ஒளிந்திருக்கிறது. கடைசியாகச் சேர்த்த பெட்டியை முதலில் சந்தேகப்படுங்கள். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு ஒயரும் ஷார்ட். ஆயிரக்கணக்கில் வந்தால் ரெசிஸ்டரே இல்லை, அல்லது நீங்கள் அளக்கும் இடம் மற்ற ஒயரிலிருந்து துண்டாகி நிற்கிறது.

120 வந்தால்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஒரு ரெசிஸ்டர் இல்லாமல் இருக்கலாம், நடுவில் ஒயர் அறுந்தும் இருக்கலாம். ஒரு முனைக்குப் போய் அங்குள்ள ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு, ஒயரை நோக்கி அளந்து பாருங்கள். 120 வந்தால் ஒயரும் எதிர்முனையும் நலம், கழற்றியதுதான் கெட்டது. ஒன்றும் வராவிட்டால் ஒயர் அறுந்திருக்கிறது, இல்லையேல் எதிர்முனையில் ரெசிஸ்டர் இல்லை. எதிர்முனையில் போய் அங்கே இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தால் முடிந்தது.

60 வந்துவிட்டதே என்று முழுக்க நம்பியும் விடாதீர்கள். ரெசிஸ்டர்கள் எத்தனை என்பதை மீட்டர் சொல்லும், எங்கே இருக்கின்றன என்று சொல்லாது. இரண்டும் ஒரே பேனலுக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் 60தான். வீட்டு ஒயரிங் பழக்கத்தில் எலக்ட்ரீஷியன் நடுப் பேனலிலிருந்து ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனிக் கேபிள் இழுத்திருப்பார். பார்க்க நேர்த்தியாக இருக்கும், கேன் பஸ்ஸுக்கு ஆகவே ஆகாது. ஒயர் முதல் பெட்டிக்குள் நுழைந்து வெளியே வந்து, இரண்டாவதுக்குள் நுழைந்து வெளியே வந்து, பூச்சரம் கட்டுவதுபோல ஒரே கோடாகப் போக வேண்டும். கோட்டிலிருந்து பெட்டிக்குப் பிரியும் கிளை எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் 30 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஆகவே 60 வந்தபிறகும் ஒருமுறை கேபிளோடு நடந்து பாருங்கள்.

காரில் இன்னொரு சிக்கல் உண்டு. இன்றைய பல கார்களில் ஓபிடி சாக்கெட்டுக்குப் பின்னால் கேட்வே என்ற பெட்டி உட்கார்ந்திருக்கும். அங்கே அளப்பது கேட்வே வரைக்குமான ஒயரை மட்டுமே. எஞ்சின் பக்க ஒயரை அளக்க எஞ்சின் பக்கமே போக வேண்டும்.

கரன்ட் கொடுத்து வோல்டேஜ் பாருங்கள்

மீட்டரின் கறுப்பு முனையை எர்த்தில் வையுங்கள். பெட்டிகள் பேசிக்கொண்டிருக்கும்போது ஹை 2.5க்குக் கொஞ்சம் மேலேயும் லோ 2.5க்குக் கொஞ்சம் கீழேயும் இருக்கும். 2.7, 2.3 என்பதுபோல. மீட்டர் சராசரியைத்தான் காட்டும், அதனால் 3.5 தெரியவில்லையே என்று தேட வேண்டாம். இரண்டையும் கூட்டினால் 5க்குப் பக்கத்தில் வர வேண்டும். 3.3 வோல்ட் சிப் போட்ட பெட்டிகள் மட்டும் இருந்தால் நடுநிலையே 2.3 அளவில் நிற்கும், அது கோளாறல்ல.

இரண்டும் ஒரே எண்ணில் அசையாமல் நின்றால் யாரும் பேசவில்லை, அல்லது இரண்டும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. பின்னதை ஓம் அளவிலேயே பிடித்திருப்பீர்கள். ஏதாவது ஒன்று 12 அல்லது 24 வோல்ட் காட்டினால் பேட்டரி ஒயரில் உரசுகிறது. பூஜ்யம் என்றால் பாடியில் உரசுகிறது. ஹை 3.5இலும் லோ 1.5இலும் விடாமல் நின்றால் யாரோ கயிற்றைப் பிடித்தவர் விடவே இல்லை. பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். குற்றவாளி கழன்றதும் எண் இறங்கிவிடும்.

‘இரண்டு ஒயர் போதும், எர்த் எதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. வண்டிக்குள் பாடியே எர்த் என்பதால் பிரச்சினை மறைந்திருக்கும். தொழிற்சாலையில் இரண்டு பேனல்கள் எண்பது மீட்டர் தள்ளி, இரண்டு வேறு பவர் சப்ளையில் இருந்தால் ஒன்றின் பூஜ்யம் மற்றதன் பூஜ்யமாக இருக்காது. தரத்தின்படி, கேட்கும் பெட்டியின் எர்த்திலிருந்து பார்க்கும்போது ஒயரின் வோல்டேஜ் மைனஸ் 2 முதல் பிளஸ் 7 வோல்ட் வரை ஏறி இறங்கினால் தாங்கும். அதைத் தாண்டினால் செய்தி கெடும், சில நேரம் சிப்பே போகும். மூன்றாவதாக ஒரு எர்த் ஒயரைச் சேர்த்து இழுங்கள். தூரம் அதிகம் என்றால் மின்பிரிப்பு உள்ள கேன் சிப் போட்ட பெட்டியாக வாங்குங்கள். கூடுதல் விலையைப் பார்த்து முகம் சுளிக்கும் முதலாளியிடம் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

வேகம்

எல்லாப் பெட்டியும் ஒரே வேகத்தில் பேச வேண்டும். கார்களில் எஞ்சின் பக்கம் நொடிக்கு 500 கிலோபிட் சாதாரணம். லாரி, பஸ்களில் ஓடும் ஜே1939 முறையில் 250, புதியவற்றில் 500. தொழிற்சாலையில் தூரம்தான் வேகத்தைத் தீர்மானிக்கும். 1 மெகாபிட்டுக்கு ஏறக்குறைய 40 மீட்டர், 500 கிலோபிட்டுக்கு 100, 250க்கு 250, 125க்கு 500 மீட்டர். ஒவ்வொரு பிட் முடிவதற்குள்ளும் கடைக்கோடிப் பெட்டியின் குரல் இந்த முனைக்கு வந்து சேர வேண்டும் என்பதால்தான் இந்தக் கட்டுப்பாடு. நல்ல கேபிள் போட்டு இதை ஏமாற்ற முடியாது.

வேகத்தைச் சரியாகக் கொடுத்தும் பேசாவிட்டால் போர்டுக்குத் தாளம் தரும் கிரிஸ்டலைப் பாருங்கள். மலிவாகக் கிடைக்கும் எம்சிபி2515 கேன் போர்டுகள் பலவற்றில் 8 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் இருக்கும், நெட்டில் எடுத்த புரோகிராமோ 16 என்று நினைத்துக்கொண்டிருக்கும். நீங்கள் 500 என்று எழுதியது 250 ஆக வெளியே போகும். கிரிஸ்டலின் தலையிலேயே எண் பொறித்திருக்கும், படித்துப் பாருங்கள். இதே போர்டில் உள்ள டிஜேஏ1050 சிப்புக்கு 5 வோல்ட் வேண்டும். 5 வோல்ட் கொடுத்த போர்டை, 3.3 வோல்ட் மட்டுமே தாங்கும் ராஸ்பெர்ரி பையின் சிக்னல் பின்களில் நேரடியாக மாட்டினால் பையைப் பலிகொடுக்க நேரும். 120 ஓம் ரெசிஸ்டரைச் சேர்க்கவும் விலக்கவும் ஒரு ஜம்பரும் அதில் இருக்கும். மேஜையில் மூன்று போர்டு வைத்தால் நடுப் போர்டின் ஜம்பரை எடுத்துவிடுங்கள்.

பயன்பாட்டில் உள்ள வண்டியில் கருவியை மாட்டும்போது ‘கேட்க மட்டும்’ என்ற நிலையில் வைத்தே மாட்டுங்கள். தவறான வேகத்தில் சாதாரண நிலையில் நுழையும் கருவி, தனக்குப் புரியாத ஒவ்வொரு செய்தியையும் பிழை என்று கூவிக் கெடுத்துவிடும். பிரேக், ஸ்டீயரிங் பெட்டிகள் பேசும் ஒயர் அது. வண்டி நின்றிருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

ஒப்புதல் சொல்ல ஒரு ஆள்

புதிதாகப் படிப்பவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கே. ஒரே ஒரு போர்டு வாங்கி, செய்தி அனுப்பி, பிழை வருகிறதே என்று தவிப்பார்கள். கேனில் ஒவ்வொரு செய்தியின் கடைசியிலும் ஒரு பிட் இடம் காலியாக விடப்படும். செய்தியைப் பிழையின்றிக் கேட்ட எந்தப் பெட்டியும் அங்கே கயிற்றை ஒரு இழுப்பு இழுத்து ‘கேட்டேன்’ என்று சொல்லும். யாருமே இழுக்காவிட்டால் அனுப்பிய பெட்டி அதே செய்தியை ஓயாமல் திருப்பித் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும். சுவரோடு எத்தனை நேரம் பேசினாலும் ‘ம்’ வராது. இரண்டாவது போர்டு ஒன்று கட்டாயம் வேண்டும். ‘கேட்க மட்டும்’ நிலையில் உள்ள கருவி அந்த ஒப்புதலையும் சொல்லாது என்பதால், மேஜையில் ஒரு போர்டும் அந்த நிலையில் ஒரு கருவியும் வைத்துவிட்டு இரண்டு பேர் இருக்கிறார்களே என்று குழம்ப வேண்டாம்.

இனிச் செய்தி

இதுவரை வந்துவிட்டால் லேப்டாப்பைத் திறக்கலாம். லினக்ஸில் சாக்கெட்கேன் உள்ளேயே இருக்கிறது. கேன்டம்ப் என்ற சிறு நிரல் ஒயரில் ஓடுவதையெல்லாம் வரிவரியாகக் காட்டும். அடையாள எண்ணும் அதிகபட்சம் 8 பைட்டும்தான் ஒரு செய்தி. அந்த 8 பைட்டுக்கு என்ன பொருள் என்று கேன் சொல்வதில்லை, அதன் மேல் ஓடும் உடன்பாடுகள்தான் சொல்லும்.

காரில் எஞ்சின் சுற்று வேகத்தைக் கேட்டுப் பார்ப்பது நல்ல பயிற்சி. இதற்குக் கருவி பேச வேண்டும் என்பதால், வேகம் சரி என்று உறுதியான பிறகே ‘கேட்க மட்டும்’ நிலையை நீக்குங்கள். பதின்ம எண்ணில் 2015 என்ற அடையாளத்தில் 2, 1, 12 என்று மூன்று பைட் அனுப்பி, மீதியைப் பூஜ்யத்தால் நிரப்புங்கள். இரண்டு பைட் கேள்வி, இப்போதைய அளவு, சுற்று வேகம் என்று அதற்குப் பொருள். எஞ்சின் பெட்டி வழக்கமாக 2024 என்ற அடையாளத்தில் 4, 65, 12, 26, 248 என்பதுபோலப் பதில் தரும். 26ஐ 256ஆல் பெருக்கி 248ஐக் கூட்டினால் 6904. நான்கால் வகுத்தால் நிமிடத்துக்கு 1726 சுற்று.

லாரியில் கேட்கவே வேண்டாம், ஜே1939இல் எஞ்சின் தானாகவே சொல்லிக்கொண்டிருக்கும். 61444 என்ற குழு எண்ணில் நான்காவது, ஐந்தாவது பைட்டுகளைப் பாருங்கள். ஒரு எண்ணுக்கு 0.125 சுற்று. நான்காவது 80, ஐந்தாவது 20 என்றால், 20ஐ 256ஆல் பெருக்கி 80ஐக் கூட்டி 5200. அதில் எட்டில் ஒரு பங்கு 650. லாரி ஐட்லிங்கில் நிற்கிறது. காரில் பெரிய பைட் முன்னால் வந்தது, லாரியில் பின்னால் வருகிறது. இதைக் கவனிக்காதவர்கள் நிற்கிற லாரி இரண்டாயிரத்து ஐந்நூறு சுற்றுக்கு மேல் உறுமுவதாகச் சொல்லிக்கொண்டு வருவார்கள்.

சொந்தமாக மெஷின் வடிவமைப்பவர்கள் செய்தி எண்ணிக்கையைத் தாளில் போட்டுப் பாருங்கள். 8 பைட் செய்தி ஒன்று எல்லாம் சேர்த்து 111 பிட், இடையில் செருகும் பிட்டுகளோடு 120, 130 வரை போகும். 500 கிலோபிட்டில் அதற்குக் கால் மில்லிசெகண்ட். ஐந்து டிரைவ்கள் பத்து மில்லிசெகண்டுக்கு ஒருமுறை இரண்டிரண்டு செய்தி அனுப்பினால் நொடிக்கு ஆயிரம். ஒயரில் கால் பங்கு நேரம் போகும். தூரம் கூடிவிட்டது என்று அதையே 125க்கு இறக்கினால் முழு நேரமும் போய்விடும். பெரிய அடையாள எண் உள்ள பெட்டிக்கு வாய் திறக்க வாய்ப்பே வராது, பார்ப்பவருக்கு அந்தப் பெட்டி கெட்டுப்போனதுபோலத் தெரியும். பாதிக்கு மேல் நிரம்பிய ஒயரை நான் ஒப்புக்கொள்வதில்லை.

பாஷ் 2012இல் கொண்டுவந்த கேன் எஃப்டியில் ஒரு செய்திக்கு 64 பைட் வரை போகும். இடம் போதவில்லை என்று பழைய பெட்டிகள் உள்ள ஒயரில் அதைக் கலந்துவிடாதீர்கள். பழையவை அந்தச் செய்தியைப் பிழை என்றே எடுத்துக்கொண்டு கெடுக்கும்.

எப்போதாவது வரும் கோளாறு

வண்டி பள்ளத்தில் இறங்கினால் மட்டும், மெஷின் சூடானால் மட்டும் என்று வரும் கோளாறுக்கு ஒவ்வொரு கேன் கன்ட்ரோலருக்குள்ளும் ஒரு கணக்குப்பிள்ளை இருக்கிறார். அனுப்புவதில் பிழை வந்தால் எட்டு கூட்டுவார், ஒழுங்காகப் போனால் ஒன்று கழிப்பார். 128ஐத் தொட்டால் அந்தப் பெட்டி மற்றவர் செய்தியைக் கெடுக்கும் உரிமையை இழக்கும். 255ஐத் தாண்டினால் ஒயரிலிருந்தே விலகி வாய்மூடிக்கொள்ளும். கெட்ட பெட்டி ஒன்று ஊரையே நிறுத்திவிடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு இது. விலகிய பெட்டியை உடனே தானாக உயிர்ப்பிக்கும்படி புரோகிராம் எழுதுவது பலரின் பழக்கம். கோளாறு மறையும், காரணமும் சேர்ந்து மறையும். குறைந்தது எத்தனை முறை விலகியது என்றாவது எண்ணி வையுங்கள்.

அந்தக் கணக்கைத் திரையில் ஓடவிட்டு, ஒயர்க் கட்டை ஓரோர் இடமாக ஆட்டிக்கொண்டே வாருங்கள். எந்தக் கப்ளரைத் தொட்டதும் எண் துள்ளுகிறதோ, அதைக் கழற்றிப் பாருங்கள். பச்சை பூத்த பின்னோ, பின்னுக்குத் தள்ளிய டெர்மினலோ இருக்கும். லாரியில் சேசிஸ் ஓரமாக, சேறு அடிக்கும் இடத்திலுள்ள கப்ளர்களிலிருந்து தொடங்கினால் நேரம் மிச்சம்.

எல்லாம் சரியானபிறகு பத்து நிமிடம் செலவிடுங்கள். ஒரு தாளில் தேதி போட்டு, அணைத்த நிலையில் ஓம், ஓடும் நிலையில் ஹை, லோ வோல்டேஜ், வேகம், இரண்டு ரெசிஸ்டர்களும் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்ற விவரம், இவ்வளவையும் எழுதிப் பேனல் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். என் பாக்கிங் மெஷினில் ஒட்டிய தாளின் கீழே ஆபரேட்டர் தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்: ‘டிஸ்ப்ளே மாத்துனா பின்னாடி சுவிட்ச் பாக்கவும்.’